வானூர்தி பறத்தலின் இயற்பியல்

வானூர்தி பறத்தலின் இயற்பியல் என்பது, காற்றைவிட அடர்த்தி மிகுந்த ஓர் ஊர்தி நிலையான இறக்கைகளைக் கொண்டு வளிமண்டலத்தில் எவ்வாறு தாங்கப்படுகிறது, எவ்வாறு முன்னேறுகிறது, எவ்வாறு கட்டுப்படுத்தப்படுகிறது என்பவற்றை விளக்கும் துறையாகும். இது பாய்ம இயக்கவியலின் ஒரு பகுதி. இதன் அடிப்படைகள் நியூட்டனின் இயக்க விதிகளிலும், பாயும் பொருளின் வேகத்திற்கும் அழுத்தத்திற்கும் உள்ள தொடர்பைக் கூறும் பெர்னூலி கோட்பாட்டிலும் அடங்கியுள்ளன. சுருக்கமாகக் கூறின், இறக்கை தன்னைக் கடந்து செல்லும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதன் எதிர்வினையாகக் காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. இத்தள்ளல், இறக்கையின் மேற்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் இடையேயுள்ள அழுத்த வேறுபாடாக இறக்கையின்மீது செயல்படுகிறது.

இத்துறையில் பள்ளிப் பாடங்களிலும் பொது அறிவு நூல்களிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு விளக்கம் பிழையானது. அது இக்கட்டுரையில் தனிப் பிரிவில் ஆராயப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரகடத்து வான்பரப்பு

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி, சென்னை மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்தின் மேற்கு-தென்மேற்கில் அமைந்துள்ளது. நிலையத்தின் முதன்மை ஓடுபாதை 07/25 என எண்ணிடப்பட்டுள்ளது. இவ்வெண்கள் காந்த வடக்கிலிருந்து கணக்கிடப்படும் 70 பாகை, 250 பாகைத் திசைகளைக் குறிக்கின்றன. இந்த ஓடுபாதையை மேற்கு நோக்கி நீட்டினால், அக்கோடு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே செல்லும். எனவே மேற்கிலிருந்து இறங்கும் வானூர்திகளையும், மேற்கு நோக்கிப் புறப்பட்டு உயரும் வானூர்திகளையும் இப்பகுதியில் இருப்போர் எளிதாகக் காணலாம்.

இறங்கும் வானூர்திகள் வழக்கமாக ஏறத்தாழ 3 பாகை சரிவில் வருகின்றன. அச்சரிவில் வரும் ஒரு வானூர்தி ஓடுபாதைக்கு 20 கி.மீ. முன்பாகச் சுமார் 1,050 மீ. உயரத்தில் இருக்கும். பொதுவாகக் காற்று கிழக்கிலிருந்து வீசும்போது, அதாவது வடகிழக்குப் பருவக் காலத்திலும் பிற்பகலில் கடற்காற்று வலுத்த நேரங்களிலும், இறங்குகின்ற வானூர்திகள் இவ்வழியே வரும். மேற்கிலிருந்து காற்று வீசும் தென்மேற்குப் பருவக் காலத்தில் புறப்படுகின்றவை இவ்வழியே செல்லும். ஒரே வானில் பருவத்திற்கேற்பப் போக்குவரத்தின் திசை மாறுவதற்கான காரணம், "காற்றின் திசை" என்னும் பிரிவில் தரப்பட்டுள்ளது.

நான்கு விசைகள்

பறக்கும் வானூர்தியின்மீது நான்கு விசைகள் செயல்படுகின்றன.

எடை: புவியீர்ப்பால் கீழ்நோக்கிச் செயல்படுவது.
ஏற்றவிசை: காற்றோட்டத்திற்குச் செங்குத்தாக இறக்கையின்மீது செயல்படுவது.
உந்துவிசை: பொறி அல்லது சுழல்விசிறியால் முன்நோக்கிக் கிடைப்பது.
இழுவை: இயக்கத்திற்கு எதிராகக் காற்று தரும் தடை.

வானூர்தி ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், நேர்கோட்டில் செல்லும்போது ஏற்றவிசை எடைக்குச் சமமாகவும், உந்துவிசை இழுவைக்குச் சமமாகவும் இருக்கும். நிகர விசை சுழியம். மேலே செல்லச் செல்ல ஏற்றவிசை எடையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று பலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. சீரான வேகத்தில் உயரும்போதும் விசைகள் சமநிலையிலேயே உள்ளன. உயர்வதற்கான கூடுதல் ஆற்றலைப் பொறிகளின் கூடுதல் உந்துவிசை தருகிறது.

இந்நான்கு விசைகளையும் தனித்தனியே பிரித்துக் கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் கேலி ஆவார். 1799-இல் அவர் பொறித்த ஒரு வெள்ளித் தகட்டில் இப்பகுப்பு காணப்படுகிறது. பறவையைப் போல ஒரே உறுப்பால் தாங்கவும் உந்தவும் முயலாமல், தாங்குவதற்கு நிலையான இறக்கையும் உந்துவதற்கு வேறொரு கருவியும் வேண்டும் என்ற அவரது கருத்தே இன்றைய வானூர்தியின் அடிப்படை.

ஏற்றவிசை தோன்றும் விதம்

காற்றைக் கீழே திருப்புதல்

இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம் காற்றிதழ் எனப்படும். காற்றிதழின் முன்முனையையும் பின்முனையையும் இணைக்கும் நேர்கோடு நாண் ஆகும். நாணுக்கும் எதிர்வரும் காற்றின் திசைக்கும் இடைப்பட்ட கோணம் தாக்கு கோணம் எனப்படும். வளைவான காற்றிதழோ, சிறிதளவு தாக்கு கோணத்தில் சாய்ந்த காற்றிதழோ தன்னைக் கடக்கும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்றுக்கும் நிறை உண்டு. கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கி.கி. ஆகும். அந்நிறையைக் கீழ்நோக்கி முடுக்க இறக்கை காற்றின்மீது ஒரு விசையைச் செலுத்துகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே அளவு விசையைக் காற்று இறக்கையின்மீது மேல்நோக்கிச் செலுத்துகிறது.

இதன் அளவை ஓர் எளிய கணக்கால் மதிப்பிடலாம். 62 டன் நிறையுள்ள ஏர்பஸ் ஏ320 வகை வானூர்தி விநாடிக்கு 70 மீ. வேகத்தில் தரையிறங்க வருவதாகக் கொள்வோம். இறக்கையின் விரிநீளம் ஏறத்தாழ 34 மீ. அந்நீளத்தை விட்டமாகக் கொண்ட வட்டத்திற்குள் வரும் காற்றை இறக்கை திருப்புகிறது என்பது ஒரு நல்ல தோராயம். அவ்வாறாயின் விநாடிக்குச் சுமார் 73 டன் காற்று திருப்பப்படுகிறது. வானூர்தியைத் தாங்க, அக்காற்று விநாடிக்கு ஏறத்தாழ 8 மீ. வேகத்தில் கீழ்நோக்கிச் செல்ல வேண்டும். அதாவது பறக்கும் வானூர்தி, தன் நிறையைவிடக் கூடுதலான காற்றை ஒவ்வொரு விநாடியும் கீழே தள்ளிக்கொண்டே செல்கிறது.

அழுத்த வேறுபாடு

மேற்கண்ட விசை இறக்கைக்கு எவ்வழியாக வந்து சேர்கிறது என்ற வினா எழலாம். காற்று ஒரு பரப்பின்மீது விசை செலுத்தக்கூடிய வழிகள் இரண்டே: அழுத்தம், உராய்வு. ஏற்றவிசை ஏறத்தாழ முழுவதும் அழுத்தத்தால் வருவது.

இறக்கையின் மேற்புறத்தில் காற்று வளைந்து செல்கிறது. எந்தப் பொருளும் வளைந்து செல்ல வேண்டுமானால் வளைவின் உட்புறம் நோக்கி அதன்மீது விசை செயல்பட வேண்டும். காற்றோட்டத்தில் அவ்விசையைத் தருவது அழுத்த வேறுபாடு மட்டுமே. ஆகவே வளைவின் வெளிப்புறத்தில் அழுத்தம் கூடுதலாகவும் உட்புறத்தில் குறைவாகவும் இருக்க வேண்டும். இறக்கைக்கு வெகு உயரத்தில் அழுத்தம் வழக்கமான வளிமண்டல அழுத்தமே. அங்கிருந்து வளைவின் உட்புறமான இறக்கைப் பரப்பை நோக்கி வரவர அழுத்தம் குறைகிறது. எனவே மேற்பரப்பில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவு. கீழ்ப்புறத்தில் இதே காரணத்தால் அழுத்தம் பெரும்பாலும் சற்றுக் கூடுகிறது. ஏற்றவிசையின் பெரும்பகுதி மேற்பரப்பின் குறைந்த அழுத்தத்தால் வருகிறது.

உயர் அழுத்தப் பகுதியிலிருந்து குறைந்த அழுத்தப் பகுதிக்குள் நுழையும் காற்று வேகம் பெறுகிறது. ஆகையால் மேற்புறக் காற்று விரைவாகச் செல்கிறது. டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலின் கருத்து இதுவே: உராய்வு புறக்கணிக்கத்தக்க சீரான ஓட்டத்தில் வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். அழுத்தக் குறைவும் வேக அதிகரிப்பும் ஒன்றோடொன்று இணைந்தே நிகழ்கின்றன. ஒன்று முன்னும் மற்றது பின்னும் வருவதாகக் கருத வேண்டியதில்லை.

தேவைப்படும் அழுத்த வேறுபாடு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. ஏ320-இன் உச்சப் புறப்பாட்டு நிறை ஏறத்தாழ 78 டன். இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 122.6 சதுர மீட்டர். எடையைப் பரப்பால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 6,240 நியூட்டன், அதாவது 6,240 பாஸ்கல் கிடைக்கும். வளிமண்டல அழுத்தம் 1,01,325 பாஸ்கல். எனவே இறக்கையின் இருபுறத்துக்கும் இடையே வளிமண்டல அழுத்தத்தில் சராசரியாக 6 விழுக்காட்டளவு வேறுபாடு இருந்தாலே முழுச் சுமையுடன் அவ்வானூர்தி தாங்கப்பட்டுவிடும்.

இரு விளக்கங்களும் ஒன்றே

"வானூர்தி பறப்பது நியூட்டன் விதியாலா, பெர்னூலி கோட்பாட்டாலா?" என்று விவாதிப்பதுண்டு. இவை போட்டி விளக்கங்கள் அல்ல. காற்றின் உந்த மாற்றத்தைக் கணக்கிட்டாலும், இறக்கைப் பரப்பின் அழுத்தத்தைக் கூட்டினாலும் ஒரே விசையே விடையாகக் கிடைக்கும். கடைக்காரரின் கணக்கேட்டில் வரவும் வாங்கியவரின் ஏட்டில் செலவும் ஒரே தொகையாக இருப்பதைப் போன்றது இது.

பரவலாக வழங்கும் பிழையான விளக்கம்

இறக்கையின் மேற்பரப்பு வளைந்திருப்பதால் நீளமானது. முன்முனையில் பிரியும் காற்றுத் துகள்கள் பின்முனையில் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும். எனவே மேலே செல்லும் காற்று விரைவாகச் செல்கிறது. விரைவால் அழுத்தம் குறைகிறது. இதுவே ஏற்றவிசை என்பது பரவலான விளக்கம். இது சம நேர விளக்கம் எனப்படுகிறது. இதன் இறுதிப் படி சரி. முதற் படி தவறு. பிரிந்த துகள்கள் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும் என்று எந்த இயற்பியல் விதியும் கூறவில்லை.

சோதனைகளும் இதனை மறுக்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓல்கர் பாபின்ஸ்கி, காற்றுச் சுரங்கத்தில் விட்டுவிட்டுப் புகையைச் செலுத்திப் படமெடுத்துக் காட்டினார். மேற்புறம் சென்ற புகை கீழ்ப்புறம் சென்றதைவிட முன்னதாகவே பின்முனையை அடைந்தது. அதாவது மேற்புறக் காற்று சம நேரத்திற்குத் தேவையானதைவிட மிக விரைவாகச் செல்கிறது.

கணக்காலும் இவ்விளக்கத்தைச் சோதிக்கலாம். பயிற்சி வானூர்தியான செஸ்னா 172-இன் இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 16.2 சதுர மீட்டர். முழுச் சுமையுடன் நிறை சுமார் 1,100 கி.கி. மேற்பரப்பு கீழ்ப்பரப்பைவிட 2 விழுக்காடு நீளமானது எனக் கொள்வோம். விநாடிக்கு 60 மீ. வேகத்தில் செல்லும்போது, சம நேர விளக்கத்தின்படி மேற்புறக் காற்றின் வேகம் 61.2 மீ. இவ்வேறுபாட்டால் கிடைக்கும் அழுத்தக் குறைவு சுமார் 87 பாஸ்கல். மொத்த ஏற்றவிசை சுமார் 1,400 நியூட்டன். அது ஏறத்தாழ 144 கி.கி. நிறையைத் தாங்கவே போதும். மீதமுள்ள ஏறத்தாழ 950 கி.கி.-ஐத் தாங்குவது எது என்பதற்கு இவ்விளக்கத்தில் விடை இல்லை.

மேலும் சில உண்மைகளையும் இவ்விளக்கத்தால் கூற இயலாது. காகித அம்பு, பட்டம் ஆகியவற்றின் இருபுறமும் நீளம் ஒன்றே. எனினும் அவை காற்றில் தாங்கப்படுகின்றன. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினா கடற்கரையில் நடைபெற்ற வான்படை சாகச நிகழ்ச்சியில் பங்கேற்ற சூர்யகிரண் குழு போன்ற சாகசக் குழுக்களின் வானூர்திகள் தலைகீழாகவும் பறக்கவல்லவை. வளைந்த பரப்பு கீழே வந்தபோதும், மூக்கைச் சற்று உயர்த்தித் தாக்கு கோணத்தை மாற்றினால் காற்று கீழ்நோக்கியே திருப்பப்படுகிறது. ஆகவே முதன்மையானது காற்று திருப்பப்படுவதே. வளைவு அதனைக் குறைந்த இழுவையுடன் செய்ய உதவும் ஒரு வழி.

ஏற்றவிசைச் சமன்பாடு

பொறியாளர்கள் ஏற்றவிசையைப் பின்வரும் சமன்பாட்டால் கணக்கிடுகின்றனர்.

ஏற்றவிசை = ½ × காற்றின் அடர்த்தி × (வேகம்)² × இறக்கைப் பரப்பு × ஏற்றக் குணகம்

ஏற்றக் குணகம் என்பது காற்றிதழின் வடிவத்தையும் தாக்கு கோணத்தையும் பொறுத்த, அலகற்ற எண். இங்கு வேகம் என்பது காற்றைச் சார்ந்த வேகம். தரையைச் சார்ந்த வேகம் அன்று. வேகம் பாதியானால், மற்றவை மாறாதபோது, ஏற்றவிசை நான்கில் ஒரு பங்காகிவிடும்.

62 டன் நிறையுள்ள ஏ320-க்கு இருவேறு நிலைகளில் தேவைப்படும் ஏற்றக் குணகம் வருமாறு:

நெடும்பறப்பு (11 கி.மீ. உயரம்): காற்றின் அடர்த்தி 0.364 கி.கி./க.மீ.; வேகம் விநாடிக்கு 230 மீ.; ஏற்றக் குணகம் சுமார் 0.5.
தரையிறக்கம் (கடல்மட்டம், 35 பாகை செல்சியசு): காற்றின் அடர்த்தி 1.146 கி.கி./க.மீ.; வேகம் விநாடிக்கு 70 மீ.; ஏற்றக் குணகம் சுமார் 1.8.

தரையிறங்கும்போது மூன்று மடங்குக்கும் மேலான குணகம் தேவைப்படுகிறது. இதனைத் தாக்கு கோணத்தை உயர்த்தி மட்டும் பெற இயலாது. எனவே இறக்கையின் பின்விளிம்பிலிருந்து மடிப்புகள் (பிளாப்) பின்னும் கீழுமாக விரிக்கப்படுகின்றன. முன்விளிம்பில் சிறு தகடுகள் (சிலாட்) முன்தள்ளப்படுகின்றன. இறக்கையின் வளைவும் பரப்பும் கூடுகின்றன. இறக்கையோர இருக்கையில் அமர்ந்த பயணி, இறங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பு கேட்கும் நீண்ட இரைச்சலும் காணும் அசைவும் பெரும்பாலும் இவற்றுடையவையே.

ஏற்ற இழப்பு

தாக்கு கோணம் கூடக் கூட ஏற்றவிசை கூடுகிறது. ஆனால் இது ஓர் எல்லை வரை மட்டுமே. பல காற்றிதழ்களில் ஏறத்தாழ 15 பாகையை அடைந்ததும், பரப்பை ஒட்டியுள்ள மெல்லிய எல்லைப்படலம் ஆற்றல் இழந்து மேற்பரப்பைவிட்டு விலகிவிடுகிறது. காற்று சீராகத் திரும்பாமல் குழம்பிச் சுழல்கிறது. ஏற்றவிசை குறைந்து இழுவை மிகுகிறது. இந்நிலை ஏற்ற இழப்பு (ஸ்டால்) எனப்படும்.

இதனைப் பொறி நின்றுபோவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏற்ற இழப்பு என்பது இறக்கைக்கு நேர்வது. அது குறிப்பிட்ட வேகத்தில் நிகழ்வதன்று. குறிப்பிட்ட தாக்கு கோணத்தில் நிகழ்வது. 60 பாகை சாய்ந்து, உயரம் இழக்காமல் திரும்பும் வானூர்தியில் இறக்கை இருமடங்கு எடையைத் தாங்க வேண்டியுள்ளது. அப்போது ஏற்ற இழப்பு நிகழும் வேகம் நேர்ப்பறப்பில் இருப்பதைவிட ஏறத்தாழ 41 விழுக்காடு உயர்ந்துவிடும்.

ஏற்ற இழப்பிலிருந்து மீளும் முறை, மனிதரின் இயல்பான உணர்வுக்கு மாறானது. கீழே விழும் வானூர்தியின் மூக்கை உயர்த்தவே கை நீளும்; ஆனால் மூக்கைத் தாழ்த்தித் தாக்கு கோணத்தைக் குறைத்தால்தான் காற்று மீண்டும் பரப்பை ஒட்டும். 2009 சூன் 1 அன்று அட்லாண்டிக் பெருங்கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 பறப்பில் வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்ததால் அளவீடுகள் தவறின; தானியங்கி ஓட்டம் விலகியது. அதன்பின் வானூர்தியின் மூக்கு உயர்த்தப்பட்டு, அது ஏற்ற இழப்பில் சிக்கியது. பொறிகள் இயங்கிக்கொண்டிருந்த போதும், சுமார் மூன்றரை நிமிடங்களில் அது கடலில் விழுந்தது. 228 பேர் உயிரிழந்தனர். இந்நிகழ்வுக்குப் பின் உலகெங்கும் விமானிகளுக்கான ஏற்ற இழப்பு மீட்புப் பயிற்சி வலுப்படுத்தப்பட்டது.

இழுவை

இழுவை இரு பெரும் வகைப்படும். முதல் வகை, வடிவத்தாலும் பரப்பு உராய்வாலும் வருவது. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஒரகடத்தில் உருவாகும் சரக்குந்துகளுக்கும் இதே விதி பொருந்தும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் சரக்குந்து 80 கி.மீ. வேகத்தை எட்டும்போது காற்றின் தடை ஏறத்தாழ 1.8 மடங்காகிறது.

இரண்டாம் வகை, ஏற்றவிசையின் விலையாக வருவது. தூண்டிய இழுவை எனப்படும். இறக்கையின் கீழுள்ள உயர் அழுத்தக் காற்று இறக்கை நுனியைச் சுற்றி மேலே பாய்கிறது. இதனால் இரு நுனிகளிலும் கயிறு முறுக்கியதைப் போன்ற சுழல்கள் தோன்றிப் பின்னால் நீள்கின்றன. வேகம் குறைந்த நிலையில் இவ்வகை இழுவை மிகும். இறக்கையை நீளமாக்குவதாலும், நுனியில் மேல்நோக்கி வளைந்த சிற்றிறக்கை அமைப்பதாலும் இதனைக் குறைக்கலாம். பெரிய வானூர்தி விட்டுச்செல்லும் சுழல்கள் பின்வரும் சிறிய வானூர்தியைக் கவிழ்க்கவும் வல்லவை. ஆகையால்தான் இறங்கும் வானூர்திகளுக்கிடையே பல கிலோமீட்டர் இடைவெளி கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

ஏற்றவிசைக்கும் இழுவைக்கும் உள்ள விகிதம் வானூர்தியின் திறனைக் காட்டும் ஓர் அளவு. பயணிகள் வானூர்திகளில் இது 17 என்ற அளவில் உள்ளது. அதாவது 17 டன் எடையைத் தாங்க ஒரு டன் உந்துவிசை போதும். பொறிகள் முழுவதும் நின்றுபோனாலும் அத்தகைய வானூர்தி கல்லைப் போல விழாது, ஒரு கி.மீ. உயரத்தை இழந்து 17 கி.மீ. தொலைவு மிதந்து செல்லும். 2001 ஆகஸ்ட் 24 அன்று எரிபொருள் தீர்ந்துபோன ஏர் டிரான்சாட் 236 பறப்பு, பொறிகளின்றி ஏறத்தாழ 120 கி.மீ. மிதந்து அசோர்ஸ் தீவுகளில் பத்திரமாகத் தரையிறங்கியது.

உந்துவிசை

சுழல்விசிறியாயினும் தாரைப் பொறியாயினும் உந்துவிசையின் அடிப்படை ஒன்றே: காற்றைப் பின்னே தள்ளினால் வானூர்தி முன்னே தள்ளப்படும். சுழல்விசிறியின் ஒவ்வோர் அலகும் உண்மையில் சுழலும் ஓர் இறக்கையே. குறைந்த நிறையை மிகுந்த வேகத்தில் தள்ளுவதைவிட, மிகுந்த நிறையை மிதமான வேகத்தில் தள்ளுவது எரிபொருளை மிச்சப்படுத்தும். இக்காரணத்தால்தான் இன்றைய தாரைப் பொறிகளின் முகப்பு விசிறிகள் பெரிதாகிக்கொண்டே வருகின்றன.

கட்டுப்பாடும் நிலைப்பும்

வானூர்தி மூன்று அச்சுகளைப் பற்றித் திரும்பக்கூடியது. இறக்கைகளின் வெளிப்பகுதியிலுள்ள துடுப்புகள் (எயிலரான்) ஒன்று மேலும் மற்றது கீழுமாக அசைந்து வானூர்தியைப் பக்கவாட்டில் சாய்க்கின்றன. வால் கிடைத்தகட்டிலுள்ள உயர்த்தி மூக்கை ஏற்றி இறக்குகிறது. வால் நிமிர்தகட்டிலுள்ள சுக்கான் மூக்கை இடவலமாகத் திருப்புகிறது. படகைப் போலச் சுக்கானால் மட்டும் வானூர்தி திரும்புவதில்லை. சாய்ந்தபின் ஏற்றவிசையின் ஒரு கூறு பக்கவாட்டில் செயல்பட்டு அதனைத் திருப்புகிறது. ஒரகடத்திலிருந்து காணும்போது, திரும்பும் வானூர்தி சாய்ந்தே தெரிவதன் காரணம் இதுவே.

வானூர்தியின் எடை மையம் முன்னால் இருந்தால், காற்றின் திடீர்த் தள்ளலுக்குப் பின் அது தானாகவே பழைய நிலைக்குத் திரும்ப முயலும். இது நிலைப்பு எனப்படும். பயணிகள் வானூர்திகளில் பொருள்களும் பயணிகளும் எங்கு வைக்கப்படுகின்றனர் என்பது ஒவ்வொரு பறப்புக்கும் கணக்கிடப்படுவது இதற்காகவே. போர் வானூர்திகளில் விரைந்து திரும்பும் திறனுக்காக இந்நிலைப்பு வேண்டுமென்றே தளர்த்தப்படுவதுண்டு. 2001 சனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்த தேஜஸ் அத்தகையது. கணினியின் இடைவிடாத திருத்தங்களே அதனை நிலையாக வைத்திருக்கின்றன. தேஜஸ் வானூர்திகளைக் கொண்ட வான்படை அணிகள் கோயம்புத்தூரை அடுத்த சூலூர்த் தளத்தில் 2018 முதல் இயங்கிவருகின்றன.

காற்றின் திசை

ஏற்றவிசைக்குக் காற்றைச் சார்ந்த வேகம் போதும். ஆனால் ஓடுபாதையின் நீளம் தரையைச் சார்ந்த வேகத்தைப் பொறுத்தது. விநாடிக்கு 70 மீ. வேகத்தில் இறங்கும் வானூர்திக்கு எதிரே 5 மீ. வேகத்தில் காற்று வீசினால் தரை வேகம் 65 மீ.; பின்னிருந்து வீசினால் 75 மீ. நிறுத்த வேண்டிய இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்ததால், இரண்டாம் நிலையில் அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆகையால் வானூர்திகள் இயன்றவரை காற்றை எதிர்கொண்டே புறப்படுகின்றன, இறங்குகின்றன. சென்னையில் பருவக் காற்றுக்கேற்ப ஓடுபாதைத் திசை மாறுவது இதனால்தான்.

2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் வானூர்தி மழையில், பின்காற்றுடன், ஓடுபாதையில் வெகுதூரம் சென்றபின் தரையைத் தொட்டு, மேட்டு ஓடுபாதையின் முடிவைக் கடந்து பள்ளத்தில் விழுந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் உயிரிழந்தனர்.

வெப்பமும் உயரமும்

வெப்பம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையும். 25 பாகை செல்சியசில் கன மீட்டருக்கு 1.184 கி.கி. ஆக உள்ள அடர்த்தி, 40 பாகையில் 1.127 கி.கி. ஆகிறது, ஏறத்தாழ 5 விழுக்காடு குறைவு. சென்னையின் அக்கினி நட்சத்திர நாளில் அதே எடையுடன் புறப்பட வானூர்திக்குக் கூடுதல் வேகம் தேவை. பொறிகளின் உந்துவிசையும் அன்று குறைவு. இதனால் கூடுதல் ஓடுபாதை தேவைப்படுகிறது. கடல்மட்டத்திலிருந்து 3,256 மீ. உயரத்திலுள்ள லே நிலையத்தில், செந்தர வளிமண்டலக் கணக்குப்படி, அடர்த்தி 28 விழுக்காடு குறைவு. எனவே அங்கு இறங்கும் வேகம் சென்னையைவிட ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுதல்.

தலைகீழ் இறக்கை

ஏற்றவிசை எப்போதும் மேல்நோக்கியே செயல்பட வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கார்ப் பந்தயத் தடம் ஒன்று உள்ளது. பந்தயங்களில் ஓடும் ஃபார்முலா வகைக் கார்களின் முன்னும் பின்னும் உள்ள தகடுகள் தலைகீழாகப் பொருத்தப்பட்ட இறக்கைகளே. அவை காற்றை மேல்நோக்கித் திருப்புகின்றன. கார் தரையை நோக்கி அழுத்தப்படுகிறது. இதனால் காரின் எடை கூடாமலேயே சக்கரங்களின் பிடிப்பு கூடுகிறது; வளைவுகளில் விரைவாகத் திரும்ப முடிகிறது.

வரலாறு

செருமனியின் ஓட்டோ லிலியந்தால் இறக்கை வடிவங்களை அளந்து ஆராய்ந்து, மிதவை வானூர்திகளில் பலமுறை பறந்தார். 1896 ஆகஸ்டில் அவரது மிதவை ஏற்ற இழப்புக்கு ஆளாகி விழுந்ததில் உயிரிழந்தார். ரைட் உடன்பிறப்புகள் 1901-இல் தாமே காற்றுச் சுரங்கம் அமைத்து இறக்கைகளைச் சோதித்தனர். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களது முதற் பறப்பு 12 விநாடிகளில் ஏறத்தாழ 37 மீ. தொலைவைக் கடந்தது. செருமானியரான குட்டாவும் உருசியரான சுக்கோவ்சுக்கியும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்றவிசைக்கான கணிதக் கோட்பாட்டைத் தந்தனர். எல்லைப்படலக் கருத்தை லுட்விக் பிராண்டல் 1904-இல் முன்வைத்தார். ஆக, வானூர்தி பறந்த காலத்தில் அது ஏன் பறக்கிறது என்ற முழுமையான கோட்பாடு இன்னும் உருவாகிக்கொண்டே இருந்தது.

சென்னையில் உணவு விடுதி நடத்திவந்த கோர்சிகரான ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தில் கட்டப்பட்ட வானூர்தியை 1910 மார்ச் மாதத்தில் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். இது இந்தியாவின் முதற் பறப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே. ஆர். டி. டாட்டா ஓட்டிவந்த அஞ்சல் வானூர்தியை, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்சென்ட் கொண்டுவந்தார். 1949-இல் சி. ராஜம் குரோம்பேட்டையில் நிறுவிய சென்னை தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) தொடக்கத்திலேயே வானூர்திப் பொறியியலைக் கற்பித்தது. அங்குப் பயின்ற ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், கல்லூரி வளாகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த, பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட இரு வானூர்திகளே தம்மை அத்துறைக்கு ஈர்த்ததாகத் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார்.

ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில் வான்வெளித் தொழில்களுக்கெனச் சிப்காட் தொழிற்பூங்கா உருவாக்கப்பட்டுள்ளது. 2018-இல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகியவை மையங்களாகும்.

இவற்றையும் பார்க்க

காற்றிதழ்
பெர்னூலி கோட்பாடு
நியூட்டனின் இயக்க விதிகள்
எல்லைப்படலம்
தாரைப் பொறி
சென்னை பன்னாட்டு வானூர்தி நிலையம்